எந்தக் கதவைத் தட்டுவது? அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேளாண் உதவியும் மண்காப்பு உதவியும்

அமெரிக்க வேளாண்மை என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீளும் மக்காச்சோளக் காடுகளும் ராட்சத அறுவடை இயந்திரங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 2022-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் சுமார் 19 லட்சம் பண்ணைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடும்பங்கள் நடத்தும் சிறு பண்ணைகள். உழுபவர்களின் சராசரி வயது 58. மண்ணையும் நீரையும் காக்கவும், கடன் கொடுக்கவும், இயற்கைச் சீற்றத்தில் இழந்ததை ஈடுகட்டவும் இவர்களுக்கென்று மத்திய அரசு ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர்களை ஒதுக்குகிறது.

அந்தப் பணம் ஏதோ ஒரு மூலைக் கவுண்டியில் நாற்பது மாடுகளை வைத்துப் பிழைக்கும் ஒருவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது? யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது? இந்தக் கேள்வியை வரலாறு, நடைமுறை, அநீதி, இன்றைய நெருக்கடி என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. திட்டங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. உழவரின் நிலத்தில் இறங்கி நடந்து, இன்ன குறைக்கு இன்ன திட்டம் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். அப்படி ஒருவர் இருக்கும் கவுண்டியில் உதவி கைக்கு வருகிறது. இல்லாத கவுண்டியில் அது அறிவிப்போடு நின்றுவிடுகிறது.

புழுதிப் புயலில் பிறந்த ஏற்பாடு

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள ஆட்சிப் பிரிவு. நாடு முழுவதும் 3,100-க்கு மேல் உள்ளன. அமெரிக்க வேளாண் உதவி முழுவதும் கவுண்டியை மையமாக வைத்தே வளர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு.

1862-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் வேளாண் துறையை உருவாக்கினார். மாநிலங்களுக்கு நிலக்கொடை அளித்து வேளாண் கல்லூரிகள் தொடங்க வழிசெய்த மோரில் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. கல்லூரியில் கண்டறிந்தது வயலுக்குப் போக வேண்டுமே என்று 1914-இல் ஸ்மித்–லீவர் சட்டத்தின் மூலம் வேளாண் விரிவாக்கப் பணி நாடு தழுவியதாயிற்று. கவுண்டிதோறும் ஒரு விரிவாக்க அலுவலர் என்ற முறை அப்போது வேரூன்றியது.

மண்ணைக் காப்பது அரசின் வேலை என்ற எண்ணம் வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. வட கரோலினா மாநிலத்தின் ஆன்சன் கவுண்டியில் 1881-இல் பிறந்த ஹ்யூ ஹேமண்ட் பென்னட், மண் ஆய்வாளராக நாடெங்கும் நடந்தவர். மேல்மண் மழையோடு அடித்துச் செல்லப்படுவது நாட்டுக்கே ஆபத்து என்று 1928-இல் அரசு வெளியீடு ஒன்றில் எச்சரித்தார். கேட்பார் அதிகமில்லை. 1930-களில் பெருஞ்சமவெளியில் வறட்சி வந்தது. புல்வெளியை உழுது கோதுமை விதைத்த நிலங்கள் காற்றில் பறந்தன. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் வீசிய புயலைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே மாதம் 27-ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த மண் பாதுகாப்புப் பணித்துறைக்கு பென்னட் முதல் தலைவரானார்.

வாஷிங்டனிலிருந்து வரும் அதிகாரி தன் நிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் எந்த உழவரும் ஏற்கமாட்டார் என்பது அன்றைய ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. எனவே 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர் நில உரிமையாளர்களே நடத்தும் மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைக்கச் சொன்னார். முதல் வட்டாரம் அதே ஆண்டு பிரவுன் கிரீக் என்ற பெயரில் அமைந்தது. பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டியிலேயே அது அமைந்தது. இன்று அத்தகைய வட்டாரங்கள் ஏறத்தாழ 3,000. மண்ணின் குறை அந்தந்த இடத்துக்கே உரியது, ஆகவே தீர்வும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்ற அந்த முடிவு சரியானது. அதன் பலன் இன்றளவும் தெரிகிறது.

ஒரே கூரை, பல மேசைகள்

இன்று ஒரு சிற்றூரில் வேளாண் துறைச் சேவை மையம் என்று பெயர்ப்பலகை தொங்கும் கட்டடத்துக்குள் நுழைபவருக்கு முதலில் வரும் குழப்பம், யாரிடம் பேசுவது என்பதுதான். பல ஊர்களில் ஒரே கூடத்தில் வெவ்வேறு அமைப்புகளின் மேசைகள் இருக்கும். வேலைகள் வேறு, விதிகள் வேறு.

எஃப்.எஸ்.ஏ. எனப்படும் பண்ணைச் சேவை முகமை, 1994-இல் நடந்த துறைச் சீரமைப்பில் உருவானது. கடன், விலை ஆதரவு, பேரிடர் நிவாரணம், நிலத்தை ஓய்வில் விடுவதற்கான வாடகை ஆகியவை இதன் பொறுப்பு. பண்ணையின் பதிவேடும் இதனிடம்தான் இருக்கிறது. உள்ளூர் உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு இதன் முடிவுகளில் பங்கேற்கிறது. உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்.

அதே சீரமைப்பில் பென்னட்டின் பழைய துறை என்.ஆர்.சி.எஸ்., அதாவது இயற்கை வளப் பாதுகாப்புப் பணித்துறை என்று பெயர் மாறியது. நிலத்தைப் பார்த்துத் திட்டம் தீட்டுவது, மண்காப்பு வேலைகளுக்குச் செலவில் பங்கு கொடுப்பது இதன் பணி. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. எந்தத் திட்டத்திலும் சேராமல் ஆலோசனை மட்டும் கேட்டுப் போகலாம் என்பது பல உழவர்களுக்குத் தெரியாத செய்தி.

மூன்றாவது, மண்–நீர் பாதுகாப்பு வட்டாரம். இது மாநிலச் சட்டத்தின்கீழ் இயங்கும் உள்ளூர் அமைப்பு. பல இடங்களில் என்.ஆர்.சி.எஸ். அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். விதைப்புக் கருவிகளை வாடகைக்குத் தருவது, மாநில மானியத்தைக் கையாள்வது போன்றவை இதன் வேலை. ஆண்டுதோறும் உள்ளூர்ப் பணிக்குழுவைக் கூட்டி, எந்தக் குறைக்கு முன்னுரிமை தருவது என்று என்.ஆர்.சி.எஸ்.ஸுக்குப் பரிந்துரைப்பதும் இந்த வட்டாரம்தான். அக்கூட்டங்களுக்கு யாரும் போகலாம். போகிறவர்கள் சிலரே. போகிறவர்களின் குறை முன்வரிசைக்கு வருகிறது.

நான்காவது, பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம். மண் பரிசோதனை, பயிர்ப் பரிந்துரை, பூச்சி அடையாளம், கணக்கு வைக்கும் பயிற்சி என எல்லாம் இங்கே கிடைக்கும். பணம் கிடைக்காது. ஆனால் பணம் எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் இங்கேதான் இருப்பார். இவற்றுக்கு வெளியே ஊரக மேம்பாட்டுப் பிரிவு, மாநில வனத்துறை, 1987 முதல் தனியார் நிலங்களில் வாழிடச் சீரமைப்புக்கு உதவிவரும் மத்திய மீன்–வனவிலங்குத் துறையின் பங்காளர் திட்டம் ஆகியவையும் உள்ளன.

இந்த வரைபடம் மனதில் இல்லாதவர் தவறான மேசையில் தவறான கேள்வியைக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு வீடு திரும்புகிறார். இரண்டாம் முறை வருவதே இல்லை. எத்தனை பேர் இப்படித் திரும்பினார்கள் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

பண்ணை எண் என்னும் வாசல்

எல்லாவற்றுக்கும் முதல் படி, எஃப்.எஸ்.ஏ.விடம் பண்ணை எண் பெறுவது. நிலத்தின் கிரயப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், அடையாளச் சான்று, வரி எண் ஆகியவற்றைக் கொண்டுபோனால், வானிலிருந்து எடுத்த படத்தில் எல்லை குறித்து, நிலத்துண்டு எண்ணும் வயல் எண்ணும் தருகிறார்கள். அதன்பிறகு இரண்டு முக்கியமான உறுதிமொழிகள். ஒன்று, பெரும்பாலோரைப் பொறுத்தவரை, மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்குள் இருக்கிறது என்பது. மற்றொன்று, எளிதில் அரிக்கப்படும் சரிவு நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழுவதில்லை, சதுப்பு நிலத்தை வடித்துச் சாகுபடி செய்வதில்லை என்பது. இரண்டாவது உறுதிமொழி 1985-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்தது. அரசின் பணத்தை வாங்குகிறவர் மண்ணைக் கெடுக்கக் கூடாது என்ற எளிய நியாயம் முதன்முறை அதில் சட்டமானது.

இந்த வாசலைக் கடப்பதற்கே வாரங்கள் ஆகலாம். கடைசி நாளுக்கு முந்தைய வாரம் மானிய அறிவிப்பைப் பார்த்து ஓடிவருபவர் இங்கேயே தங்கிவிடுகிறார். மழைக்கு முன்னால் பண்ணை எண் வாங்கி வைத்திருப்பவருக்கும் வெள்ளம் வந்தபின் வாங்கப் போகிறவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

அரசுக்குத் தன் நிலத்தின் விவரம் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு, உழவர்கள் தரும் நில விவரங்களையும் பண்ணை விவரங்களையும் துறை வெளியே தரக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது. இதை முதல் சந்திப்பிலேயே அலுவலர் சொன்னால் பாதித் தயக்கம் தீரும்.

ஓடையில் இறங்கும் மாடுகள்

நடைமுறையை அருகில் நின்று பார்க்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எண்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம். நடுவே ஓர் ஓடை. மாடுகள் அதில் இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன. குளம்படியில் கரை சரிந்து, ஓடை ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறது. நீரில் சாணமும் வண்டலும் கலந்து கீழே உள்ள ஊருக்குப் போகின்றன. மாடுகள் நிழலும் தண்ணீரும் இருக்கும் ஓடையோரத்திலேயே நிற்பதால் அங்கே புல் மொட்டையாகிறது. மேட்டில் புல் முற்றி வீணாகிறது.

உழவர் அலுவலகத்துக்குப் போய், எனக்கு ஏதாவது மானியம் உண்டா என்று கேட்டால் கையில் ஒரு துண்டறிக்கை கிடைக்கும். என் ஓடைக்கரை சரிகிறது, வந்து பாருங்கள் என்று சொன்னால் என்.ஆர்.சி.எஸ்.ஸின் பாதுகாப்புத் திட்ட அலுவலர் நிலத்துக்கே வருவார். இந்த இரண்டு கேள்விகளில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. அவர் மண் வரைபடத்தோடு வந்து, சரிவைப் பார்த்து, புல்லின் உயரத்தை அளந்து, மாடுகளின் எண்ணிக்கையையும் தண்ணீர்த் தேவையையும் கணக்கிடுவார். திட்டத்தில் பெரும்பாலும் இவை வரும்: ஓடையை ஒட்டி வேலி, மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக நிலத்தடிக் குழாய், தொட்டிகள், தொட்டியைச் சுற்றிச் சேறாகாமல் சரளைக்கல் தளம், நிலத்தைப் பல பட்டிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் அட்டவணை, ஓடையோரம் மரக்கன்றுகள். ஒவ்வொரு வேலைக்கும் தேசிய அளவில் ஓர் எண் உண்டு. வேலி என்றால் 382, மேய்ச்சல் முறை என்றால் 528. வேலி எத்தனை கம்பி, தூண் எவ்வளவு ஆழம் என்பதுவரை தரநிர்ணயம் எழுதப்பட்டிருக்கும்.

இவற்றுக்குப் பணம் தரும் முக்கியத் திட்டம் ஈக்விப். 1996-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்தது. மதிப்பிட்ட செலவில் 75 விழுக்காடுவரை தருகிறது. தொழிலுக்கு வந்து பத்தாண்டு ஆகாதவர், வருவாய் குறைந்தவர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு 90 விழுக்காடுவரை கிடைக்கும். அவர்கள் கேட்டால் வேலைக்கு முன்பே குறைந்தது பாதித் தொகையை முன்பணமாகத் தரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. மாநிலத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கும். உழவர் கடையில் கொடுத்த ரசீது எவ்வளவாக இருந்தாலும் அந்தப் பட்டியல்படிதான் பணம்.

இங்கே பலர் இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. அலுவலர் வந்து பார்த்துவிட்டார், கிடைத்துவிடும் என்று நம்பித் தூண் நட்டவருக்கு, அவசர அனுமதி பெற்றிருந்தால் தவிர, அந்த வேலைக்கு ஒரு காசும் வராது. விண்ணப்பங்கள் ஆண்டு முழுவதும் பெறப்பட்டாலும், குறித்த நாளில் அவற்றை மதிப்பெண் கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். பணம் தீரும்வரை மேலிருந்து ஒப்பந்தம். மீதிப் பேர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் கிடைத்தபின் பெரும்பாலோர் முதலில் கைக்காசைப் போட்டு வேலையை முடித்து, அலுவலர் அளந்து சான்றளித்தபிறகுதான் பணம் பெறுகிறார்கள். கையில் காசில்லாத உழவருக்கு 75 விழுக்காடு உதவியும் எட்டாக்கனியாகப் போவதற்கு இந்த முறையே காரணம்.

எதற்கு எந்தத் திட்டம்

ஈக்விப் ஒரு குறையைத் தீர்க்க உதவுகிறது. ஏற்கெனவே நன்றாகச் செய்துவரும் உழவர் இன்னும் மேலே போக விரும்பினால் சி.எஸ்.பி. என்னும் பொறுப்பேற்புத் திட்டம் உண்டு. இது ஐந்தாண்டு ஒப்பந்தம். மூடுபயிர், சொட்டு உரமளிப்பு, பூச்சிகளுக்கு வாழிடம் எனக் கூடுதலாகச் செய்வதற்கு ஆண்டுதோறும் பணம். சிறு பண்ணைகளுக்கு இது பயனில்லை என்ற குறை நீண்டகாலம் இருந்தது. அதனால் 2024 நிதியாண்டில் குறைந்தபட்ச ஆண்டுத்தொகையை 1,500 டாலரிலிருந்து 4,000 டாலராக உயர்த்தினார்கள்.

விளைச்சல் குறைந்த, எளிதில் அரிக்கப்படும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வளர்க்க முன்வருபவருக்கு 1985 முதல் சி.ஆர்.பி. எனும் நில ஓய்வுத் திட்டம் இருக்கிறது. பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆண்டு வாடகை, நடவுச் செலவில் பாதி. 2007-இல் இதில் சேர்ந்திருந்த நிலம் 3 கோடியே 60 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. தானிய விலை ஏறியதும் பலர் ஒப்பந்தம் முடிந்து மீண்டும் உழத் தொடங்கினார்கள். 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் உச்சவரம்பை 2 கோடியே 70 லட்சம் ஏக்கர் என்று வைத்தது. இதை எஃப்.எஸ்.ஏ. நடத்துகிறது, ஆனால் நிலத்துக்கு என்ன பொருந்தும் என்று சொல்வது என்.ஆர்.சி.எஸ். ஒரு விண்ணப்பத்துக்காக ஒரே கூடத்தில் இரண்டு மேசைகளுக்கு நடக்க வேண்டியிருப்பதற்கு இது நல்ல சான்று.

கடன் வேண்டுவோருக்கு எஃப்.எஸ்.ஏ.வின் நேரடிக் கடன் உண்டு. வேறு வங்கியில் நியாயமான நிபந்தனையில் கடன் கிடைக்காதவருக்கே இது. 50,000 டாலர்வரையிலான சிறுகடனுக்குத் தாள்வேலை குறைவு. காய்கறி, தேன், பூ போன்ற, பயிர்க் காப்பீடு கிடைக்காத விளைச்சலுக்கு நாப் என்ற ஈட்டுத் திட்டம் இருக்கிறது. ஒரு பயிருக்கு ஒரு கவுண்டியில் 325 டாலர் கட்டணம். புதிய உழவருக்கும் வருவாய் குறைந்தவருக்கும் அடிப்படைக் காப்புக்கான கட்டணம் தள்ளுபடி. சிறு காய்கறிப் பண்ணைகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

பேரிடர் காலத்துக்கென்று தனித் திட்டங்கள் உள்ளன. கால்நடை இறப்புக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தரும் திட்டமும், வெள்ளத்தில் அடித்துச் சென்ற வேலியையும் வயலில் குவிந்த குப்பையையும் சீர்செய்ய உதவும் அவசரப் பாதுகாப்புத் திட்டமும் அவற்றுள் முக்கியமானவை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவின் மலைக் கவுண்டிகளைப் புரட்டிப்போட்டபோது, நதிக்கரை வயல்கள் மேல்மண்ணையே இழந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் நிழற்படம், ரசீது, இறந்த கால்நடையின் எண்ணிக்கை, உரிய காலத்துக்குள் இழப்பு அறிவிப்பு ஆகிய நான்கும் கையில் இருப்பவருக்குத்தான் நிவாரணம் விரைந்து வரும். வீடே போன நிலையில் ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது கொடுமைதான். அதனால்தான் அலுவலர்களே தேடிப்போய்ப் பதிவுசெய்யும் ஏற்பாடு வேண்டும் என்கிறோம்.

மாநிலங்கள் செய்வது

மத்திய அரசின் திட்டங்களை மட்டும் பார்த்தால் படம் முழுமையடையாது. மிசூரி மாநிலம் 1980-களின் தொடக்கத்தில் மண் அரிப்பில் நாட்டிலேயே மோசமான இடங்களில் ஒன்றாக இருந்தது. 1984-இல் மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காக்களுக்கும் மண்–நீர் பாதுகாப்புக்கும் சரிபாதியாக ஒதுக்கினார்கள். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மீண்டும் மக்களிடம் வாக்குக்கு விடுகிறார்கள். 2016 உட்பட ஒவ்வொரு முறையும் மக்கள் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். நகரத்தில் சோப்பு வாங்குபவரும் கிராமத்து மேல்மண்ணுக்குப் பங்கு தருகிறார் என்பது இதன் சிறப்பு. அந்த மாநிலத்தின் 114 கவுண்டிகளிலும் வட்டார அலுவலகமும் அதில் சம்பளம் பெறும் தொழில்நுட்பப் பணியாளரும் இருப்பதற்கு இந்த நிலையான வருவாயே அடிப்படை. வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை நடந்தாலும் அங்கே ஓடைக்கரையைப் பார்க்க ஒருவர் வருகிறார்.

இத்தகைய வருவாய் இல்லாத மாநிலங்களில் பல இடங்களில் ஒரே அலுவலர் இரண்டு மூன்று கவுண்டிகளைச் சுமக்கிறார். நாட்டில் கவுண்டிகள் 3,100-க்கு மேல் இருக்க, வேளாண் துறைச் சேவை மையங்கள் சுமார் 2,300தான்.

கதவு சாத்தப்பட்டவர்கள்

உள்ளூர்க் குழுவிடம் அதிகாரம் இருப்பது நல்லது என்று மேலே சொன்னோம். அதன் இருண்ட பக்கத்தையும் பார்க்க வேண்டும். தென் மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அந்தக் குழுக்கள் முழுக்க வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின உழவர் கடன் கேட்டுப் போனால் படிவம் தரமாட்டார்கள். தந்தால் விதைப்புக் காலம் கழிந்தபின் பதில் வரும். 1920-இல் 9 லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின உழவர்கள், 2022 கணக்கெடுப்பில் 50 ஆயிரத்துக்கும் குறைவு. இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றில் கவுண்டி அலுவலகத்தின் மேசையும் ஒன்று.

கறுப்பின உழவர்களின் பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அரசு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. 2010-இல் இரண்டாம் உடன்பாட்டுக்கு 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கப் பழங்குடி உழவர்களின் கீப்ஸ்ஈகிள் வழக்கு 76 கோடி டாலருக்கு முடிந்தது. 2024-இல், கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான 43,000-க்கு மேற்பட்டோருக்குச் சுமார் 200 கோடி டாலர் வழங்கப்பட்டது. கொடுத்த பணம் பெரிதுதான். அதைக்கொண்டு, இழந்த நிலத்தை மீட்க முடியவில்லை. 2025 ஜூலையில், இன, பாலின அடிப்படையிலான முன்னுரிமையை இனித் திட்டங்களில் பின்பற்றுவதில்லை என்று துறை அறிவித்துவிட்டது. இத்தனை வழக்குகள் நிறுவிய உண்மையை ஓர் அறிவிப்பால் ஒதுக்கிவிடுவது சரியல்ல.

தென் மாநிலங்களில் இன்னொரு தடை வாரிசு நிலம். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரிக்காத பங்குதாரர்கள். உழுபவர் ஒருவர், பத்திரத்தில் பெயரோ வேறு. பண்ணை எண் கிடைக்காது, எண் இல்லாமல் எதுவும் கிடைக்காது. 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. தெளிவான பத்திரம் இல்லாவிட்டாலும் மாற்று ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெறலாம். 1967 முதல் இயங்கும் தென்மாநிலக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் இதில் உழவர்களுக்கு உறுதுணையாக நிற்கின்றன.

பழைய அநீதியிலிருந்து பிறந்த ஒரு சிறு காகிதமும் உண்டு. அதன் பெயர் சேவை ரசீது. உழவர் வந்த நாள், கேட்ட உதவி, அலுவலர் சொன்ன பதில் ஆகியவை அதில் இருக்கும். 2008-இல் கேட்டால் தர வேண்டும் என்றும், 2014-இல் கேட்காமலே தர வேண்டும் என்றும் சட்டமானது. மறுக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அப்போது இந்தக் காகிதம்தான் சாட்சி.

வரிசை நீளம், ஆட்கள் குறைவு

தகுதி இருந்தும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மினியாபோலிஸில் உள்ள வேளாண்–வணிகக் கொள்கை நிறுவனம் 2010 முதல் 2020 வரையிலான விண்ணப்பங்களை ஆராய்ந்தது. ஈக்விப்பில் 31 விழுக்காட்டினருக்கும் சி.எஸ்.பி.யில் 42 விழுக்காட்டினருக்கும் மட்டுமே ஒப்பந்தம் கிடைத்திருந்தது. ஈக்விப் கேட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஈக்விப் நிதியில் பாதியைக் கால்நடை தொடர்பான வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பெரிய பன்றி, பால் பண்ணைகளின் எருக்கிடங்குகளுக்கும் அதில் பங்கு போகிறது.

2022-ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் மண்காப்புக்கு ஏறத்தாழ 1,950 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியபோது வரிசை குறையும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2025 ஜனவரியில் அந்தப் பணம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தத்தை நம்பிக் கைக்காசில் வேலை முடித்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலர் நீதிமன்றம் போனார்கள். ஜூலையில் வந்த சட்டம், இன்னும் ஒப்பந்தமாகாத தொகையைத் திரும்பப் பெற்று வழக்கமான மண்காப்பு நிதியோடு சேர்த்தது. நிதி தொடரும் என்பது நல்ல செய்தி. ஆனால் அதே ஆண்டில் வேளாண் துறையிலிருந்து பெருமளவில் பணியாளர்கள் வெளியேறினார்கள். அக்டோபர், நவம்பரில் 43 நாள் அரசு முடக்கத்தின்போது அறுவடை நேரத்தில் கவுண்டி அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. பிறகு குறைந்த ஆட்களோடு சில வேலைகளுக்கு மட்டும் திறந்தன. இதற்கிடையே 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் 2023-இல் காலாவதியானது. புதியது தயாராகாமல் நீட்டித்து நீட்டித்து ஓட்டினார்கள்.

இணையத்தில் விண்ணப்பிக்கலாமே, அலுவலகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிராமப்புறக் கவுண்டிகளில் நல்ல இணைய இணைப்பே குறைவு. இருந்தாலும் திரை ஒன்று ஓடைக்கரையில் நடக்காது, புல்லின் உயரத்தை அளக்காது, இந்த மேட்டில் குழாய் போட்டால் குளிரில் உறைந்துபோகும் என்று எச்சரிக்காது.

செய்ய வேண்டியவை

உழவர் பக்கம் செய்ய வேண்டியவை எளிமையானவை. தேவை வரும் முன்பே பண்ணை எண் வாங்கி வையுங்கள். திட்டத்தின் பெயரைக் கேட்டுப் போகாமல் நிலத்தின் குறையைச் சொல்லிப் போங்கள். எந்த வேலையையும் கையெழுத்துக்கு முன் தொடங்காதீர்கள். முன்பணத் தகுதி உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் சேவை ரசீது வாங்குங்கள். உள்ளூர்ப் பணிக்குழுக் கூட்டத்துக்கும் கவுண்டிக் குழுத் தேர்தலுக்கும் தவறாமல் போங்கள். கதவு தெரியவில்லை என்றால் முதலில் விரிவாக்க அலுவலகத்தைத் தட்டுங்கள்.

அரசு பக்கம் செய்ய வேண்டியவை கடினமானவை, ஆனால் தெளிவானவை. எஃப்.எஸ்.ஏ., என்.ஆர்.சி.எஸ். இரண்டுக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம் வேண்டும். சிறு உழவருக்கு முன்பணம் விதியாக வேண்டும், விலக்காக இருக்கக் கூடாது. கையெழுத்தான ஒப்பந்தத்தின் பணத்தை எந்த ஆட்சி மாறினாலும் நிறுத்தக் கூடாது. மிசூரியைப் போல மற்ற மாநிலங்களும் மண்ணுக்கென்று நிலையான வருவாயை ஒதுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நிதி ஒதுக்கீட்டை மட்டும் காட்டி உதவியை அளப்பதை விட்டுவிட வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பென்னட்டின் ஆட்கள் வெற்றி பெற்றது நிலத்துக்கு நடந்து போனதால். மேல்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஒரு பெருமழையில் அது போய்விடும். அமெரிக்கக் கிராமத்து உழவருக்கு உண்மையாக உதவ நினைக்கும் எந்த அரசும் முதலில் செய்ய வேண்டிய வேலை, கவுண்டி அலுவலகங்களின் காலிப் பணியிடங்களை நிரப்புவதுதான்.